‘என் சரித்திர’த்தில் ஒரு தந்தை

உ.வே.சா. என்னும் மூன்று எழுத்துகளை நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிவோம். ‘உ’ என்பது உத்தமதானபுரம் என்னும் ஊர். ‘வே’ என்பது தந்தை வேங்கடசுப்பையர். ‘சா’ என்பது சாமிநாதன். ஊரும் தந்தையும் தலைப்பெழுத்தில் நிற்பது நம் நாட்டு வழக்கமே. ஆனால் மூன்றாவது எழுத்தும் அந்த வீட்டிலிருந்தே வந்தது என்பதைப் பலர் கவனித்திரார். அவருக்கு முறைப்படி இட்ட பெயர் வேங்கடராமன். முன்னோரின் பெயரைச் சொல்லி அழைக்கத் தயங்கிய வீட்டார் அவரைச் சாமிநாதன் என்றனர். அது ‘சாமா’ எனச் சுருங்கிற்று. பின்னாளில் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, “உமக்கு வேறு பெயர் உண்டோ?” என்று வினவியபோது மாணவர் இந்த வீட்டுப் பெயரைச் சொன்னார். தமிழுலகம் இன்றுவரை அந்தப் பெயராலேயே அவரை வணங்குகின்றது.

‘என் சரித்திரம்’ 1940ஆம் ஆண்டு ஜனவரியில் ‘ஆனந்த விகட’னில் தொடங்கி, 122 அத்தியாயங்கள் வரை வளர்ந்து, ஆசிரியர் 28.4.1942 அன்று மறைந்தமையால் முற்றுப்பெறாமல் நின்றது. ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்த ஒருவரின் வரலாறாகவே இந்நூலை அறிஞர்கள் பெரும்பாலும் படித்து வந்துள்ளனர். சிந்தாமணி பதிப்பிக்கப்பட்ட 1887ஆம் ஆண்டையும், புறநானூறு வெளிவந்த 1894ஆம் ஆண்டையும் அவர்கள் தேடிப் படிப்பார்கள். அது முறையே. எனினும் இந்நூலின் முற்பகுதி, சுவடிகளின் பேச்சே எழாத அந்த நீண்ட பகுதி, தமிழ் உரைநடையில் தந்தை ஒருவரைப் பற்றி மகன் எழுதியவற்றுள் தலையாயது என்பது என் கருத்து. அப்பகுதியை மட்டுமே இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. பங்குப் பணியில் இருப்போர் தந்தையரைப் பற்றிய புகழுரைகளை அடிக்கடி கேட்க நேர்கிறது. அடக்கத் திருப்பலியின் முடிவில் மூத்த மகன் ஒரு தாளை எடுத்து வாசிப்பார். ஓராண்டு நினைவுக்கு அச்சிட்ட அட்டையில் படத்திற்குக் கீழே எட்டு வரிக் கவிதை இருக்கும். மலர்களுக்கும் இத்தகைய கவிதைகள் குறைவின்றி வருகின்றன. அவற்றின் அன்பை நான் ஐயுறவில்லை. ஆயினும் ஒரு தந்தைக்கு எழுதியதை எடுத்து வேறொரு தந்தையின் படத்திற்குக் கீழே அச்சிட்டால் எவரும் வேறுபாடு காணமாட்டார். ஆலமரம், தூண், மெழுகுவர்த்தி, வியர்வை என்று நான்கு உவமைகளுக்குள் அவை அடங்கிவிடுகின்றன. அந்த மனிதர் என்ன தொழில் செய்தார், எதை விரும்பினார், எதை விட்டுக்கொடுத்தார் என்பவை மட்டும் கிடைப்பதில்லை. வேங்கடசுப்பையரை மகன் எங்கும் தெய்வம் என்று போற்றிப் பாடவில்லை. தந்தை செய்தவற்றை ஊர் பெயரோடும் ஆள் பெயரோடும் சொல்லிச் செல்கிறார். பேரன்பும் பெருநன்றியும் அந்த விவரங்களுக்குள் அமைந்துள்ளன.

நூலின் அமைப்பைப் பாருங்கள். ஆசிரியர் தம் பிறப்பைச் சொல்வதற்கு முன்பே ஊரையும் முன்னோரையும் தந்தையின் இளமையையும் சொல்லிவிடுகிறார். ஏகாதசி விரத நாளில் மறதியாகத் தாம்பூலம் தரித்துக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர், அதற்குக் கழுவாயாக 48 வீடுகள் அமைத்து அந்தணர்க்கு நிலத்தோடு வழங்கிய ஊர் உத்தமதானபுரம் என்பது அவ்வூர் மரபுச் செய்தி. பின்னர் தந்தை வருகிறார்: உடையார்பாளையத்தில் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து சங்கீதம் பயின்றவர், ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதை சொல்லி, ஊரார் மனமுவந்து அளிக்கும் சம்மானத்தாலும் தானியத்தாலும் குடும்பத்தை நடத்தியவர், நாள்தோறும் சிவபூஜை தவறாதவர். இவை யாவும் மகன் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19 அன்று, தாயின் ஊராகிய சூரியமூலையில் பிறப்பதற்கு முன்னுரையாக அமைகின்றன. தன் வரலாறு தன்னிடமிருந்து தொடங்குவதில்லை என்று நினைத்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். இக்காலத் தன்வரலாறுகளில் தந்தை பெரும்பாலும் முதல் பக்கத்தில் தோன்றி மறைந்துவிடுகிறார்.

இல்லத்தின் இன்பம் என்றவுடன் திண்ணையும் முற்றமும் ஊஞ்சலும் நம் நினைவுக்கு வரும். அத்தகைய இன்பத்தை எதிர்பார்த்து இந்நூலைத் திறப்பவர் ஏமாற்றம் அடையக்கூடும். இந்தக் குடும்பம் ஓரிடத்தில் நிலையாக இருந்ததே இல்லை. அரியலூரில் இருந்தபோது சடகோபையங்கார் சிறுவனுக்குத் தமிழின் சுவையைக் காட்டினார். அங்கிருந்து குன்னம், கார்குடி, செங்கணம் என்று குடும்பம் பெயர்ந்துகொண்டே இருந்தது. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என, இருக்குமிடம் மாறும்போதெல்லாம் பாடம் சொல்லும் ஒருவரின் பெயர் வந்துவிடுகிறது. மகனுக்குத் தெரிந்ததைவிட ஒரு நூல் அதிகம் தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்று தந்தை விசாரிப்பார். அங்கே தம் இராமாயணப் பிரசங்கத்திற்கு இடம் உண்டா என்று பார்ப்பார். பிறகு பூஜைப் பெட்டியோடும் பாத்திரங்களோடும் குடும்பம் புறப்படும். வருவாய்க்குத் தக்க ஊரைத் தேர்ந்தெடுத்துப் பிறகு அங்கே பள்ளிக்கூடம் உண்டா என்று பார்ப்பது பொதுவான வழக்கம். வேங்கடசுப்பையர் இந்த வரிசையை மாற்றிக்கொண்டார். மகனுக்கு வேண்டிய தமிழ் வயிற்றுப்பாட்டுக்கு உதவும் கல்வி என்று எவரும் கருதாத காலம் அது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூடுவாஞ்சேரிப் பகுதியில் இதைப் படிக்கும் அன்பர்களுக்கு இதன் பொருளை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. நம் தெருக்களில் உள்ள குடும்பங்கள் பல, தென் மாவட்டங்களிலிருந்தும் காவிரிக் கரையிலிருந்தும் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு இந்தப் பெருஞ்சாலையோரம் வந்து தங்கியவைதாம். சொந்த ஊரில் காற்றோட்டமான வீட்டைப் பூட்டிவிட்டு, தண்டவாளத்திற்கு அருகே இரண்டு அறைகளில் வாழும் தந்தையர் இங்கே உண்டு. அதிகாலை மின்ரயிலில் தாம்பரத்திற்கும் அதற்கப்பாலும் சென்று இரவில் திரும்பும் அவர்கள், பிள்ளைகளின் நினைவில் ‘வீட்டில் இல்லாத அப்பா’வாகவே பதிந்துவிடும் அபாயமும் உண்டு. ‘என் சரித்திர’த்தை அவர்களுடைய பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. தந்தை அமைத்துத் தரும் வசதி எப்போதும் சுவரும் கூரையுமாக இருப்பதில்லை என்பது அதில் நிகழ்ச்சியாகவே நடந்து காட்டுகிறது.

ஆனால் இந்தத் தந்தையின் வரலாற்றில் என்னை மிகவும் தடுத்து நிறுத்துவது இடப்பெயர்ச்சி அன்று, சங்கீதம்தான். வேங்கடசுப்பையரின் உயிர் இசையில் இருந்தது. தம் மகனும் அதில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அவர் விரும்பியது இயல்பே. மகனுக்கோ நாட்டம் தமிழில். 1871ஆம் ஆண்டில், பதினேழாம் பிராயத்தில் இருந்த மகனைத் தந்தை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஒப்படைத்தார். ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்தில் இருந்தார். அவரிடம் மகன் இசைப்பயிற்சி பெறத் தொடங்கினார். பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இசையில் மனம் செல்வது இலக்கியப் பயிற்சிக்கு இடையூறாகும் என்று அவர் கருதினார். மாணவர் இசையை விட்டுவிட்டார். தந்தை உயிராய்ப் போற்றிய ஒன்றை, தந்தை தேடிக் கொடுத்த ஆசிரியருக்காக மகன் துறந்தார். இதை நூலாசிரியர் மிக அடக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார். பெரிய சோகமாக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. மகன் தம்மைப் போல் ஆகாமற்போகவும் இடம் கொடுத்த தந்தை என்றே நான் வேங்கடசுப்பையரை எண்ணுகிறேன். பொறியியலோ மருத்துவமோ என்று பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பிலேயே முடிவுகட்டிவிடும் வீடுகளில் இந்த ஒரு பகுதியையாவது உரக்க வாசிக்கலாம்.

அதே மாயூரத்தில் இன்னொன்றும் நடந்தது. பாடம் சொல்ல மனமுவந்த ஆசிரியரால் மாணவனுக்குச் சோறு போட இயலவில்லை. சாதி ஆசாரம் குறுக்கே நின்றது. உணவுக்குத் தந்தைதான் வேறு வழி செய்ய வேண்டியிருந்தது. பிறருக்கு அள்ளிக் கொடுத்தே பழகிய பிள்ளையவர்கள் இதற்காக வருந்தினார் என்பதை உ.வே.சா. குறிப்பிடுகிறார், அந்த ஏற்பாட்டைக் கேள்வி கேட்கவில்லை. நாம் கேட்கலாம். ஆசிரியர் பெற்ற தந்தைக்கு நிகரானவராயினும் அவர் வீட்டுப் பந்தியில் மாணவனுக்கு இலை இல்லை என்னும் நிலையை, இல்லத்தின் இன்பங்களைப் பற்றிப் பேசும்போது மறைத்துவிட முடியாது.

நம் மரபில் தந்தையைப் பாட்டுடைத் தலைவராக்கிய பெருங்காப்பியம் ஒன்று உண்டு. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, 36 படலங்களில், 3,615 பாடல்களில், வளனார் எனத் தமிழ்ப்பெயர் பெற்ற புனித சூசையப்பரைப் பாடுகிறது. நற்செய்தி நூல்களில் அவர் பேசிய சொல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்பது வாசகர் அறிந்ததே. திருத்தந்தை பிரான்சிஸ் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 8 அன்று வெளியிட்ட ‘தந்தையின் இதயத்தோடு’ என்னும் திருத்தூது மடலில் அவரை நிழலில் நிற்கும் தந்தையாகக் காட்டி, பிள்ளையைத் தன் உடைமையாக்கிக்கொள்ளாத அன்பைப் பற்றி எழுதினார். அவரும் குழந்தையின் பொருட்டுப் பெத்லகேமிலிருந்து எகிப்துக்கும், எகிப்திலிருந்து நாசரேத்துக்கும் இல்லத்தைத் தூக்கிச் சென்றவர். இரண்டு குடும்பங்களையும் ஒப்பிட்டு உரைக்க நான் முற்படவில்லை. ஆயினும் வேங்கடசுப்பையரைப் படித்தபின் மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தைப் படிக்கும்போது, கனவில் கட்டளை பெற்று எழுந்தவரின் தோளில் இருந்த மூட்டையும் என் கண்ணில் படுகிறது.

மகன் ஒப்படைக்கப்பட்ட அந்த இரண்டாம் இல்லத்தில் நம்மவர் இருந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். மாயூரத்து முன்சீப்பாயிருந்த கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை மகாவித்துவானின் உற்ற நண்பர். அவர்மீது மகாவித்துவான் ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவரோ ஆசிரியரை விட்டுப் பிரியாமல் உடனிருந்தவர். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மகாவித்துவானின் உயிர் பிரியும் வேளையில், சவேரிநாதர் அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொள்ள, சாமிநாதர் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தார். பெற்ற பிள்ளைகள் செய்யும் கடமையை மாணவர் இருவர் செய்தனர். ஆசிரியருக்காக உ.வே.சா. பின்னர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களில் தனி வரலாறே எழுதினார். தந்தைக்கு அவ்வாறு தனிநூல் எழுதவில்லை. தந்தைக்கு உரிய இடம் ‘என் சரித்திரம்’ என்னும் தலைப்பிலேயே இருப்பதாக அவர் கருதியிருக்கக்கூடும்.

இனி ஒரு குறை. தாயார் சரஸ்வதி அம்மாள் இந்நூலில் மிகக் குறைவாகவே தோன்றுகிறார். ஒவ்வொரு புது ஊரிலும் அடுப்பு மூட்டியவர் அவர். ஊரார் அளந்து கொடுத்த தானியத்தைக் குத்திப் புடைத்து, அறியாத அண்டை வீட்டாரோடு உறவு கொண்டாடி, அந்நிய இடத்தை நாலு நாளில் வீடாக்கியவர் அவரே ஆதல் வேண்டும். ‘ஆதல் வேண்டும்’ என்று நாமே ஊகித்து எழுதும்படி நூல் விட்டிருக்கிறது. தந்தைக்குக் கிடைத்த ஊர்ப்பெயரும் நாளும் விவரமும் தாய்க்குக் கிடைக்கவில்லை. 1868இல் மணம்புரிந்து வந்த மனைவி மதுராம்பாளின் நிலையும் அதுவே. இது அக்காலத்து ஆண்கள் பலரின் எழுத்துக்கும் பொதுவான குறை என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால், பிறர் வீட்டுச் சுவடிக்குள் ஒரு சொல்லின் பாடபேதத்தைக்கூடத் தவறவிடாத கண் அது என்பதால், குறை சற்று அதிகமாகவே உறுத்துகிறது.

ஊர் ஊராகத் திரிந்த சிறுவனுக்குப் பிற்காலத்தில் வீடு வாய்த்தது. 1880இல் தியாகராச செட்டியார் தாம் ஓய்வுபெறும்போது கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பணியை அவருக்குக் கிடைக்கச் செய்தார். பின்னர் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணியில் வாழ்ந்த இல்லத்திற்கு அந்த நன்றியால் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார். அவ்வில்லம் 2012இல் இடிக்கப்பட்டது. உத்தமதானபுரத்தில் அவருக்கு அரசின் நினைவில்லம் இருக்கிறது. முற்றுப்பெறாமல் நின்ற ‘என் சரித்திர’த்தை 1950இல் நூலாக வெளியிட்டவர் அவருடைய மகன் கலியாணசுந்தரையர்.