சுவரிலே ஒரு பாலைவனம்

கலையுலகிலே புதிய பொறியொன்று புகும்போதெல்லாம் இரு கூட்டத்தார் எழுந்து நிற்பதைக் காண்கிறோம். ஒரு சாரார் கலைக்கு விடுதலை பிறந்துவிட்டது என்பர். மறு சாரார் கலை மாண்டுவிட்டது என்பர். கணினி விளையாட்டுக்களை இயக்குவதற்கென ஆக்கப்பட்ட எஞ்சின்கள் திரைப்படத் தயாரிப்பிலும் தொலைக்காட்சித் தயாரிப்பிலும் இடம்பிடித்துவிட்ட இந்நாளிலும் அதே ஆரவாரமே செவியில் விழுகிறது. பொறியைப் பற்றி இவர்கள் நிரம்பப் பேசுகின்றனர். அப்பொறி எவர் கையில் இருக்கிறது, எத்தகைய காட்சியை அது எளிதாக்குகிறது, எத்தகைய காட்சியை எட்டாததாக்குகிறது என்ற வினாக்களை மட்டும் எவரும் தொடுவதில்லை.

சென்ற தவணையிலே உயர்தர வகுப்பு மாணவனொருவன் எம்மிடம் ஒரு செய்தி சொன்னான். 'த மண்டலோரியன்' என்ற தொடரில் வரும் பாலைவனம் பாலைவனமே அன்று, லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஸ்ரூடியோ ஒன்றின் சுவர் என்றான். ஏமாற்றப்பட்டவனின் கோபம் அவன் குரலில் இருந்தது. அக்கோபம் நியாயமானதா என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

முதலில் பொருளை விளங்கிக்கொள்வோம். வழமையான கணினி வரைகலையிலே ஒரு படச்சட்டத்தைக் கணித்து முடிக்கப் பல மணித்தியாலங்கள் செல்லக்கூடும். விளையாட்டுக்கு அது ஒவ்வாது. விளையாடுபவன் எத்திசையில் திரும்பினாலும் அத்திசையின் காட்சி அக்கணமே பிறத்தல் வேண்டும். விநாடிக்கு முப்பது, அறுபது படச்சட்டங்கள் என அது ஓடவேண்டும். இவ்விரைவே விளையாட்டு எஞ்சினின் உயிர். 1998 இல் 'அன்ரியல்' என்ற சுடும் விளையாட்டோடு வெளிவந்த எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் எஞ்சின், இருபதாண்டு கடந்து படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து சேர்ந்தது இவ்வாறே.

2019 நவம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மண்டலோரியன்' தொடருக்கென, ஏறக்குறைய இருபதடி உயரமும் எழுபத்தைந்தடி விட்டமும் கொண்ட ஓர் அரைவட்டத்துக்கு மேற்பட்ட எல்.ஈ.டி. சுவரை எழுப்பினர். தலைக்கு மேலும் திரை. கமரா எங்கே நிற்கிறது, எங்கு நோக்குகிறது என்பதை உணரிகள் எஞ்சினுக்கு அறிவித்த வண்ணம் இருக்கும். கமரா இடப்புறம் ஓரடி நகர்ந்தால், சுவரிலுள்ள அண்மைப் பாறையும் தொலைமலையும் தத்தம் தூரத்திற்கேற்ப வெவ்வேறளவில் நகரும். கமராவின் பார்வைக்கு உட்பட்ட பகுதி மட்டுமே முழுத் தெளிவோடு கணிக்கப்படும். எஞ்சிய சுவர் வெறும் விளக்காகத் தொழிற்படும். முதற் பருவத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி இம்முறையிலேயே எடுக்கப்பட்டது.

இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. கதைநாயகன் கண்ணாடிபோல் மின்னும் கவசம் அணிந்தவன். பச்சைத் திரைக்கு முன் அவனை நிறுத்தினால் கவசமெங்கும் பச்சை படியும். பின்னர் அதனைத் துடைத்தெடுப்பது பெரும்பாடு. சுவரிலே வானம் இருந்தாலோ கவசத்தில் வானமே தெரியும். ஒளிப்பதிவாளர் கிரேக் பிரேசர் இவ்வுண்மையை நன்குணர்ந்து செயற்பட்டுள்ளார். சூழலின் ஒளி மனிதன்மீது விழுகிறது என்பதுதான் இப்பொறியின் தலையாய கொடை. பச்சைத் துணியின் முன் நின்று, இல்லாததைப் பார்த்து வியந்து நடித்த நடிகர்களின் பத்தாண்டு அவலத்தை அறிந்தோர் இதனை இகழார்.

ஆகவே மாணவனின் கோபத்துக்கு எமது முதல் விடை 'இல்லை' என்பதே. சினிமா தோன்றிய நாள்முதல் சுவரும் கண்ணாடியும் அதனோடு உள்ளன. 1927 இல் ஜெர்மனியின் பாபெல்ஸ்பேர்க் ஸ்ரூடியோவில் உருவான 'மெற்றோபொலிஸ்' படத்தில், கண்ணாடியைச் சாய்த்து வைத்துச் சிற்றுருவங்களைப் பெருநகராக்கிக் காட்டினர். 1933 இன் 'கிங் கொங்' பின்புறத் திரையில் படம் வீழ்த்தி எடுக்கப்பட்டது. தொழிலாளியின் துயரைச் சொன்ன சாப்ளினின் 'மொடேர்ன் ரைம்ஸ்' (1936) படத்திலே, சறுக்குச் சப்பாத்தணிந்து அவர் விளிம்பில் வழுக்கும் அந்தப் பள்ளம் கண்ணாடியில் வரையப்பட்ட ஓவியமன்றோ? அதனால் அப்படம் பொய்யாகிவிட்டதா?

இதனினும் தெளிவான சான்று எமக்கு அண்மையிலேயே உண்டு. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக் காசி வீட்டைக் கல்கத்தா ஸ்ரூடியோ ஒன்றினுள்ளே கட்டியவர் பன்சி சந்திரகுப்தா. பழைய காசி வீடுகளின் நடுமுற்றத்திலே மேலிருந்து இறங்கும் ஒளி நிழலற்றது, மென்மையானது. ஸ்ரூடியோ விளக்குகளோ ஒவ்வொரு முகத்துக்கும் நாலு நிழல் தருவன. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்துக்கு மேலே வெண்டுணியை விரித்துக் கட்டி, விளக்கொளியை அதன்மீது பாய்ச்சித் தெறிக்கவிட்டார். வீடு போலி, வானம் துணி. ஆயினும் அம்முற்றத்தில் நிற்கும் சர்பஜயாவின் முகத்தில் வறிய வீட்டின் நாட்பொழுது முழுவதும் படிந்திருக்கிறது. அந்த ஒளியை மித்ரா துணியிலிருந்து பெறவில்லை. உண்மையான வீடுகளை உற்று நோக்கிய கண்ணிலிருந்து பெற்றார். எல்.ஈ.டி. கூரைக்கும் அந்த வெண்டுணிக்கும் பொறியியல் வேற்றுமை பெரிது. கலை நோக்கில் இரண்டும் ஒரே கேள்விக்கு விடையிறுக்க வேண்டியன. அந்த இடத்தில் எவர், எப்படி வாழ்கின்றனர் என்று அறிந்தா விளக்கேற்றினாய் என்பதே அக்கேள்வி.

இங்கேதான் சுவரின் குறைபாடுகள் தலைகாட்டுகின்றன. கமராவின் குவியம் சுவர்மீதே விழுந்தால், எல்.ஈ.டி. புள்ளிகள் கமராவின் உணரியோடு மோதி அலையலையான கோலங்கள் தோன்றும். எனவே பின்னணியை மங்கலாக வைத்தே படம் எடுக்க நேர்கிறது. முகம் தெளிவு, உலகம் மங்கல். பிரெஞ்சு விமர்சகர் அந்திரே பஸான் ஆழக்குவியத்தைப் போற்றினார். ரென்வாரின் படங்களிலும் வெல்ஸின் 'சிற்றிசன் கேன்' (1941) படத்திலும் முன்னிற்பவனும் பின்னிற்பவனும் ஒரே தெளிவில் தெரிவதால், மனிதனையும் அவன் சூழலையும் பிரிக்காமற் பார்க்கும் உரிமை பார்வையாளனுக்குக் கிடைக்கிறது என்றார். பஸான் பொருள்முதல்வாதியல்லர், கத்தோலிக்கர். எனினும் இவ்விடயத்தில் அவரிடம் நாம் கற்கவேண்டியது மிகுதி. பின்னணி மங்கும்போது அங்கே இருக்கக்கூடியோரும் மங்குகின்றனர்.

மேலும், வட்டச் சுவருக்குள் நிற்கக்கூடிய மெய்யான மனிதர் சிலரே. சுவரிலே ஆயிரம்பேரைக் காட்டலாம். ஆனால் அவர்களுள் ஒருவனேனும் இறங்கிவந்து நாயகனின் தோளைத் தொட முடியாது. இதனால் இப்பொறிக்கு மிக இசைவான கதை எது? வெறும் வெளியிலே தன்னந்தனியே நடக்கும் துப்பாக்கி வீரனின் கதை. 'மண்டலோரியன்' அழகாக அமைந்தது தற்செயலன்று. தனிவீரனும் ஆளற்ற நிலமும் அச்சுவருக்கு அளந்து தைத்த சட்டை. அதே முறையைக் கையாண்ட 'ஓபி-வன் கெனோபி' (2022) தொடரிலே, துரத்துவோரும் துரத்தப்படுவோரும் ஒரு வட்டத்தை விட்டு அகலாதவர் போலத் தோன்றுவதைக் கூர்ந்து பார்ப்போர் உணர்வர். கருவி கதையைத் தீர்மானிக்கிறது என்று நாம் சொல்லவரவில்லை. அது கொச்சையான வாதம். எளிதாக எடுக்கக்கூடிய கதையை முதலாளி விரும்புவான் என்றே சொல்கிறோம்.

பாபெல்ஸ்பேர்க்கிலே மெற்றோபொலிஸின் கண்ணாடி நின்ற வளாகத்தில் அமைந்த எல்.ஈ.டி. மண்டபத்தில் எடுக்கப்பட்ட ஜெர்மன் தொடர் '1899' (2022) வேறு வகையில் சிந்திக்கத் தூண்டுகிறது. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறும் குடிபெயர்வோரின் கதை அது. பல மொழி பேசுவோர், கீழ்த்தளத்து ஏழைகள், மேல்தளத்துச் செல்வர். யதார்த்த இலக்கியம் ஏங்கி நிற்கும் களம். பெருந்தொற்றுக் காலத்தில் பயணம் அரிதானமையால் கடலைச் சுவருக்குக் கொணர்ந்தனர். மூடுபனியும் அலையும் மனத்தைக் கவர்வன. ஆனால் கதை போகப்போக ஏழைகளின் பசியை விட்டுவிட்டுப் புதிரைப் பற்றிக்கொள்கிறது. ஈற்றிலே அக்கப்பலே ஒரு போலியுலகம் என்று அறிகிறோம்! போலிக் கடலில் எடுத்த கதை, தன் மாந்தரின் வரலாற்றையும் போலியெனச் சொல்லிக் கைகழுவிற்று. ஒரே பருவத்தோடு அத்தொடர் நிறுத்தப்பட்டது.

இவற்றுக்கு எதிராக வைத்து நோக்கவேண்டியது 'அண்டோர்' (2022, 2025). அதே டிஸ்னியின் பணத்தில், அதே விண்வெளிக் கற்பனை உலகில் உருவான தொடரே. ஆனால் ரோனி கில்ரோய் குழுவினர் அச்சுவரைத் தவிர்த்தனர். ஸ்கொத்லாந்தின் குருவாகன் அணைக்கட்டுக்குச் சென்றனர். 'பெரிக்ஸ்' என்ற தொழிலாளர் ஊரைத் தெருத்தெருவாகக் கட்டினர். அவ்வூரிலே வேலை முடிந்தோர் கையுறைகளைச் சுவரிலே தொங்கவிடுகின்றனர். இறந்தோரின் சாம்பல் செங்கல்லாகிறது. முதற் பருவத்தின் இறுதியிலே மூதாட்டி ஒருத்தியின் சவ ஊர்வலம் அத்தெருவில் நடந்து கிளர்ச்சியாக வெடிக்கும்போது, முன்வரிசையில் உள்ளவனும் பின்வரிசையில் உள்ளவளும் ஒரே கல்லில் கால்பதித்து நிற்கின்றனர். அந்தக் கூட்டம் சுவரிலிருந்து வந்திருக்க முடியாது. சிறைச்சாலையிலே பன்னிரண்டு மணித்தியாலம் உதிரிப் பாகங்களைப் பொருத்தும் கைதிகளின் காட்சிகளும் அத்தகையனவே. எமது நாட்டிலே முதற் சிங்களப் பேசும் படம் 1947 இல் தென்னிந்திய ஸ்ரூடியோவில் பிறந்தது. 1956 இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவைக் கிராமத்துக்குத் தூக்கிச் சென்றார். இடத்துக்குப் போவது ஒரு நிலைப்பாடு என்பதை இவ்விருவர் செயலும் காட்டும்.

ஆயினும் இதனை ஏழ்மையின் நேர்மை, செல்வத்தின் போலி என்று எளிமைப்படுத்தலாகாது. ஊரையே கட்டுவதற்கும் பெரும்பணம் வேண்டும். அண்டோரும் கணினி வரைகலையைத் தாராளமாகப் பயன்படுத்தியதே.

உடைமைப் பிரச்சினைக்கு வருவோம். அன்ரியல் எஞ்சினை 2015 முதல் எவரும் பணமின்றிப் பெறலாம் என்றனர். ஜனநாயகம் மலர்ந்தது என்று பலர் மகிழ்ந்தனர். 2024 ஏப்ரலிலோ, ஆண்டுக்குப் பத்து லட்சம் டொலருக்கு மேல் வருவாயுள்ள, விளையாட்டல்லாத் துறை நிறுவனங்கள் ஓர் ஆசனத்துக்கு ஆண்டொன்றுக்கு 1,850 டொலர் செலுத்த வேண்டும் என்ற விதி வந்தது. சிறு குழுவினர்மீது இச்சுமை விழாதென்பது மெய்யே. ஆனால் விதியை ஆக்குவதும் மாற்றுவதும் ஒரே கை. யுனிற்றி என்ற மற்றோர் எஞ்சினின் உரிமையாளர் 2023 செப்ரெம்பரில் விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்றனர். பெரும் எதிர்ப்பின் பின் ஓராண்டு கழித்துக் கைவிட்டனர். அதே 2023 செப்ரெம்பரில் எபிக் தன் ஊழியருள் நூற்றுக்குப் பதினாறு பேரை, ஏறத்தாழ 830 பேரை, வெளியேற்றிற்று. சில மாதங்களில், 2024 பெப்ரவரியில், டிஸ்னி அந்நிறுவனத்தில் 150 கோடி டொலர் முதலிட முன்வந்தது. படத்தை விற்பவரும் படமெடுக்கும் கருவியை விற்பவரும் பங்காளிகளாயினர்.

பாறைகளும் இவ்வாறே. குவிக்சல் என்ற சுவீடன் நிறுவனம் உலகின் பல நிலங்களிலே கற்களையும் செடிகளையும் மண்ணையும் நுணுக்கமாகப் படம்பிடித்துச் சேர்த்த களஞ்சியத்தை 2019 நவம்பரில் எபிக் வாங்கியது. கல் வந்துவிட்டது, அக்கல்லின்மேல் ஆடு மேய்த்தவன் வரவில்லை.

உழைப்போர் நிலை யாது? 2013 பெப்ரவரியில், புதுச்சேரிச் சிறுவனின் கதையான 'லைப் ஒப் பை' காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் பெற்றபோது, அப்புலியைப் படைத்த ரிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம் ஏற்கெனவே வங்குரோத்தாகியிருந்தது; நூற்றுக்கணக்கான கலைஞர்கள் விழா மண்டபத்துக்கு வெளியே ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தனர். படப்பிடிப்பு முடிந்த பின், முதலாளி மனம் மாறுந்தோறும் இரவு பகலாய்த் திருத்துவதே அவர்தம் வாழ்வு. எஞ்சின் முறையிலே உலகங்கள் படப்பிடிப்புக்கு முன்னரே ஆக்கப்படல் வேண்டும். ஆக்கியவர் தளத்திலேயே ஒளிப்பதிவாளரின் அருகிருந்து மாற்றங்களைச் செய்வர். மறைவிலிருந்த கலைஞன் தளத்துக்கு வருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் சுவரிலே அந்திச் சூரியன் பன்னிரண்டு மணித்தியாலமும் அசையாது நிற்கும். முன்பு பொழுது சாய்ந்தால் படப்பிடிப்பும் சாயும். இப்பொழுது வேலைநாளை முடித்துவைக்கச் சூரியனும் இல்லை, சங்கந்தான் வேண்டும். 2023 செப்ரெம்பரில் மார்வல் ஸ்ரூடியோவின் காட்சி விளைவுத் தொழிலாளர் சங்கம் அமைக்க ஏகமனதாக வாக்களித்தமை இவ்வகையில் பெருநிகழ்ச்சியாகும்.

இனி, இப்பேரரசுகளுக்கு அப்பால் நடந்த ஒன்று. லத்வியா என்ற சிறிய நாட்டின் இளைஞர் ஜின்ற்ஸ் சில்பலோடிஸ், வெள்ளத்தில் அகப்பட்ட பூனையொன்றின் கதையை 'புளோ' (2024) என்ற பெயரில் ஐந்தாண்டுக்கு மேல் உழைத்து உருவாக்கினார். ஒரு சொல்லும் பேசப்படாத படம். விளையாட்டு எஞ்சினின் உடன்கணிப்பு முறையைத் தழுவிய ஈவீ என்ற பகுதி கொண்ட பிளெண்டர் என்னும் மென்பொருளிலே அது ஆயிற்று. ஒரு படச்சட்டத்துக்கு மணித்தியாலங்கள் அல்ல, விநாடிகளே சென்றன. படப்பலகைகள் வரையாமல், கணினியுலகினுள் கமராவைத் தூக்கிக்கொண்டு அவரே அலைந்து காட்சிகளைக் கண்டுபிடித்தார். பூனைக்குப் பின்னால் மூச்சுவாங்க ஓடும் அக்கமரா எங்கும் தேங்குவதில்லை, பின்னணி மங்குவதுமில்லை. விலங்குகளின் உடலிலே உரோமம் உரோமமாகத் தெரியும் செல்வச் செழிப்பு இதில் இல்லை. தூரிகைத் தீற்றல் போன்ற மேனிகளே. அதுவே போதும் என்று துணிந்தமை அவரது கலைநேர்மை. 2025 மார்ச்சில் இப்படம் ஒஸ்கார் பெற்றது. லத்வியாவுக்கு அது முதலாவது.

பிளெண்டரின் கதை மாணவனுக்குச் சொல்லவேண்டியது. அதனை வைத்திருந்த கொம்பனி மூடப்பட்டபோது, 2002 இல், உரிமையை மீட்க ஒரு லட்சம் யூரோ தேவைப்பட்டது. உலகெங்குமுள்ள பயனாளிகள் ஏழே வாரத்தில் அத்தொகையைச் சேர்த்துக் கொடுத்தனர். அன்றிலிருந்து அதன் மூலநிரல் எல்லோருக்கும் உரியது. எம் பாடசாலைக் கணினியறையிலே உள்ள பழைய இயந்திரங்களுள் இரண்டில் அது தட்டுத்தடுமாறி ஓடுகிறது. சுவரைக் கண்டு கோபித்த அம்மாணவன் இப்போது மாலையில் அங்கே அமர்ந்து தன் ஊர்க் கிணற்றடியை அமைக்க முயன்றுகொண்டிருக்கிறான். துலாவின் நிழல் சரியாக விழவில்லை என்று நேற்றும் முறையிட்டான். காலையில் எந்தப் பக்கம் விழுகிறது என்று போய்ப் பார்த்துவரும்படி சொல்லியிருக்கிறோம்.