அம்மாவின் குரலைத் துடைத்தவர்கள்

எங்க அக்கா கல்யாணம் 1994ல் நடந்தது. காலனியில் வீடியோ எடுத்த முதல் கல்யாணம் அதுதான். அம்மா செத்த பிறகு, அவள் நடமாடுவதைப் பார்க்க எங்களுக்கு மிஞ்சியது அந்த விஎச்எஸ் கேசட் ஒன்றுதான். பொண்ணை அனுப்புகிற நேரம், அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அம்மா சொல்லிச் சொல்லி அழுகிறாள். வாய் அசைகிறது. கேட்பதோ சினிமாப் பாட்டு. மிக்சிங்கில் அசல் சத்தத்தைத் துடைத்துவிட்டார்கள். பறைச்சத்தமும் அதோடு போனது.

இதைக் கைத்தவறு என்று விட முடியாது. எது கல்யாணச் சத்தம், யாருடைய அழுகை பார்க்கத்தக்கது என்பதெல்லாம் காமிராவைத் திறக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது.

இப்போது ‘கேண்டிட்’ என்கிறார்கள். உண்மையான உணர்வைப் பிடித்துத் தருகிறோம் என்று விலை பேசுகிறார்கள். நொடிக்கு 50 சட்டகம் எடுத்து 25ஆக ஓட்டுகிறார்கள். கண்ணீர் பாதி வேகத்தில் வழிகிறது. அந்த வேகத்தில் குரல் இழுபட்டுப் போகும் என்பதால் மறுபடியும் பாட்டுதான். கருவி மாறியிருக்கிறது, பார்வை மாறவில்லை. மணப்பெண் கண் கலங்கினால் குளோசப். கிழவி மூக்கைச் சிந்தி அழுதால் வெட்டு. பறையடிக்கிறவரின் கை தெரியும், முகம் தெரியாது. எச்சில் இலை எடுக்கிறவர் சட்டகத்துக்குள் வந்துவிட்டால் ‘கொஞ்சம் தள்ளுங்க’.

2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை. சாதி மீறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதைக் கண்காணிப்புக் காமிரா பதிவு செய்தது. நாடே பார்த்தது. சாதி மீறிய காதலுக்கு இந்தச் சமூகம் எந்தக் காமிராவை வைத்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கையெழுத்துப் போடுகிற அந்த மூன்று பேரின் முகத்தை விடவா உண்மையான தருணம் வேண்டும்? அந்த முகங்களை எந்த ஆல்பத்தில் தேடுவது?

இன்று நம்ம பையன்களும் காமிரா தூக்குகிறார்கள். அவர்களிடம் கேட்பது இதுதான்: பந்தி முடிந்ததும் கிளம்பிடாதீங்க. சட்டி கழுவுற இடத்துக்கும் போங்க. பறையடிக்கிறவர் முகத்தையும் எடுங்க. பாட்டு எவ்வளவு வேணும்னாலும் சேருங்க, அசல் சத்தத்தை மட்டும் தனியா வெச்சிருங்க.

அம்மா அன்னைக்கு என்ன சொல்லி அழுதாள்னு அக்காவுக்கே இப்போ ஞாபகம் இல்லை.