முதல் விளியும் மொழித் தெரிவும்: விவேக் நகரை முன்வைத்து ஒரு மறுநோக்கு

அன்றாட வாழ்க்கையைச் சமூகவியலின் ஆய்வுப்பொருளாக உயர்த்தியவர்களுள் எர்விங் காஃப்மன் முதன்மையானவர். 1956இல் எடின்பரோவிலும் 1959இல் அமெரிக்காவிலும் வெளிவந்த அவரது நூல், மனிதர் பிறர்முன் தம்மைக் காட்டிக்கொள்ளும் முறையை நாடக மேடையோடு ஒப்பிட்டது. முன்மேடை, பின்மேடை என்னும் பாகுபாட்டுக்கு அவர் சான்று கண்ட இடங்களுள் ஷெட்லாந்துத் தீவு விடுதி ஒன்றின் உணவுக்கூடமும் சமையலறையும் அடங்கும். 1960இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோர் முன்னிலைப் பெயர்களை அதிகாரம், தோழமை என்னும் இரு அச்சுகளில் வைத்து விளக்கினர். தமிழ் விளிச்சொற்களை ஆராய்வோர்க்கு இவ்விரண்டும் பயனுள்ள கருவிகளே. ஆயினும் இவற்றோடு ஒரு முன்னனுமானமும் சேர்ந்தே வருகிறது. பேசப்போகும் இருவரும் எம்மொழியில் பேசுவது என்பதை முன்பே அறிந்திருக்கின்றனர் என்பதே அது.

பெங்களூரு விவேக் நகரில் இம்முன்னனுமானம் நிற்பதில்லை. 1809இல் அமைந்த படைப்பாளையம் சென்னை மாகாணத்திலிருந்து தமிழரைப் பெருமளவில் ஈர்த்தது. 1949இல் பாளையமும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியின்கீழ் வந்தன. நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், ஈஜிபுரா ஆகியவற்றை அண்டையாகக் கொண்ட விவேக் நகரில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகியன ஒரே தெருவில் புழங்குகின்றன. குழந்தை இயேசு திருத்தலத்தில் வியாழக்கிழமைகளில் கூடும் கூட்டத்தில் பிற சமயத்தவரும் உள்ளனர். வழிபாடும் பல மொழிகளில் நிகழ்கிறது. வாயிலில் மெழுகுவர்த்தியும் பூவும் விற்போர்க்கு, எதிரே வருபவர் எம்மொழியினர் என்பது பார்த்த அளவில் தெரிவதில்லை.

இந்நிலையில் முதற்சொல் எதுவாக இருக்கும்? பெரும்பாலும் 'அண்ணா', 'அக்கா', 'அம்மா' என்பனவே. இவற்றை உறவுணர்வின் விரிவு என்று பாராட்டி எழுதுவது தமிழ் ஆய்வுலகில் வழக்கம். அது பாதி உண்மை. இச்சொற்கள் தமிழுக்கும் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் பொதுவானவை; எனவே பேசுபவரின் தாய்மொழியை வெளிக்காட்டாதவை. இங்கு விளிச்சொல் உறவை நிறுவுவதைவிட மொழித் தெரிவை ஒத்திப்போடுகிறது என்பதே பொருத்தம். எதிராளி திரும்பி, 'எவ்வளவு' என்கிறாரா 'எஷ்டு' என்கிறாரா என்று கேட்ட பின்னரே பேச்சின் மொழி முடிவாகிறது.

மாண்ட்ரியல் நகரைப் பற்றி மோனிக்கா ஹெல்லர் 1982இல் வெளியிட்ட ஆய்வோடு இதனை ஒப்பிடலாம். அங்கு முகமனே 'பான்ழூர்', 'ஹலோ' எனப் பிரிந்துவிடுகிறது. ஆதலால் மொழியைப் பற்றிய பேரம் வெளிப்படையாகவே நடந்தாக வேண்டும். திராவிட மொழிகளின் இன உறவு விவேக் நகரத்தார்க்கு ஓர் அசைவு நேரத்தைக் கொடுத்திருக்கிறது. (மலையாளத்தின் 'சேட்டன்', 'சேச்சி' இவ்வட்டத்துக்கு வெளியே நிற்பது தனியே கருதத்தக்கது.)

ஆனால் இப்பொதுமை மேல்நோக்கியே செல்கிறது. மூத்தோரை விளிக்கும் சொற்கள் ஒன்றுபடுகின்றன. இளையோரை விளிக்கும் சொற்கள் பிரிந்துவிடுகின்றன. தமிழில் 'தம்பி' எனில் கன்னடத்தில் 'தம்ம', தெலுங்கில் 'தம்முடு'. தமிழில் 'தங்கச்சி' எனில் கன்னடத்தில் 'தங்கி', தெலுங்கில் 'செல்லெலு'. 'தம்பி' என்று வாய் திறந்த கணமே பேசுபவர் தமிழர் என்பது வெளிப்பட்டுவிடும். 'சொல்லுப்பா', 'ஹேளப்பா' என்பவற்றில் உள்ள 'அப்பா' பொதுவானது போலத் தோன்றலாம். எனினும் அது வினையின்மேல் ஏறியே வருகிறது; வினைக்கோ ஏதேனும் ஒரு மொழி வேண்டும். 'ஏனப்பா' என்பது மட்டும் இரு மொழியிலும் ஒலிக்கும். தமிழில் அது 'எதற்காக', கன்னடத்தில் 'என்ன'. கேட்பவர் தமக்கு வேண்டிய பொருளைக் கொள்ளலாம்.

இவ்வொலி வேறுபாடுகள் இலக்கண நுட்பத்தோடு நின்றுவிடுவன அல்ல. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை நிகழ்ந்தது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து மீண்டும் தீவைப்பும் ஊரடங்கும் ஏற்பட்டன. அத்தகைய நாட்களில் பேருந்து நிறுத்தத்தில் ஒரு சிறுவனைத் 'தம்பி' என்று அழைப்பதும் 'அண்ணா' என்று வழிகேட்பதும் ஒரே வகைச் செயல்கள் அல்ல. முன்னதில் பேசுபவர் அடையாளம் காணப்படுகிறார்; பின்னதில் காணப்படுவதில்லை. காஃப்மன் 1963இல் விளக்கிய 'நாகரிகக் கவனமின்மை', அதாவது அயலாரை உற்றுநோக்காமல் விடும் ஒழுக்கம், பார்வையைப் பற்றியது. செவிக்கும் அப்படியோர் ஒழுக்கம் உண்டு என்பதும், அது குலையும் நாட்கள் உண்டு என்பதும் அவர் நூலைக் கொண்டு மட்டும் புலப்படுவன அல்ல.

பிரவுன், கில்மன் கோட்பாட்டுக்கும் இங்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. தமிழின் 'நீ', 'நீங்க', கன்னடத்தின் 'நீனு', 'நீவு' ஆகியவற்றில் அதிகாரம் வெளிப்படுவதை அவர்கள் வழிநின்று விளக்கிவிடலாம். ஆனால் அதற்கு முன்னரே வேறோர் அதிகாரம் செயற்பட்டு முடிந்திருக்கும். மேல்நோக்கி விளிப்பவர், அதாவது வீட்டுவேலை செய்பவர், கூடை சுமந்து விற்பவர், இளையவர் ஆகியோர், தம் மொழியை மறைத்துக் காத்திருக்கின்றனர். விளிக்கப்படுபவர் காத்திருப்பதில்லை, தம் மொழியிலேயே விடை சொல்கிறார். காத்திருந்தவர் அம்மொழிக்கு மாறிக்கொள்கிறார். இவ்விணக்கத்தைப் பெங்களூரின் பன்மொழி நல்லிணக்கம் என்று மட்டும் வருணிக்கும் எழுத்துகள், மாறிக்கொள்பவர் எப்போதும் யார் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாய்மொழியையும் அறிந்த பிற மொழிகளையும் கேட்கிறது. எவரிடம் எதை முதலில் பேசுவர் என்று கேட்பதில்லை. உரையாடற் பதிவுகளும் மொழி முடிவான பின் உள்ள பகுதியையே பெரிதும் பகுத்தாய்கின்றன. குறிமாற்றத்தை ஆராய்வோர் 'அண்ணா'வுக்கும் அதற்கான விடைக்கும் இடைப்பட்ட அந்த ஒருநொடி மௌனத்தையும் தரவாகப் பதிவுசெய்தல் வேண்டும்.