லோங்மன் கண்ட ஐந்தாம் உறுப்பு

மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கு என வகுத்தார் வள்ளுவர். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. இந்நான்கும் செவ்வனே அமைந்திருக்கவும் நோயாளி சாதல் கூடுமோ? கூடும் என்பதே ஐக்கிய அமெரிக்கப் பத்திரிகையாளரான பிலிப் லோங்மன் தரும் விடை. நான்கையும் இணைக்கும் ஒழுங்கு இல்லையாயின் தேர்ந்த வைத்தியமும் ஆபத்தாய் முடியும். அந்நாட்டின் மருத்துவக் கழகம் 1999 இல் வெளியிட்ட அறிக்கையொன்று, வைத்தியசாலைகளில் நிகழும் தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையானோர் இறப்பதாக மதிப்பிட்டது. ஐந்தாம் உறுப்பாகிய அவ்வொழுங்கே லோங்மனது எழுத்தின் பொருள்.

அவ்வெழுத்து துயரத்திற் பிறந்தது. அவர் மனைவி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வைத்தியர் பலர் பார்த்தும் முழுப்பொறுப்பை ஏற்பார் எவருமில்லாத நிலையை அவர் நேரிற் கண்டார். ஆயினும் அத்துன்பத்தை அவர் வசைமொழி ஆக்கினாரல்லர், வினா ஆக்கினார். நாட்டில் மிகச் சிறந்த மருத்துவத்தை வழங்குவோர் யாவர்? அவ்வினாவின் விடை 2005 இல் ‘வாஷிங்டன் மந்த்லி’ சஞ்சிகையிற் கட்டுரையாகவும், 2007 இல் ‘பெஸ்ட் கெயார் எனிவெயார்’ என்னும் நூலாகவும் வெளிவந்தது.

விடை எவரும் எதிர்பாராதது. முன்னாள் படைவீரர்களுக்கென அரசாங்கமே நடத்தும் வைத்தியசாலைகளே சிறந்தவை என்றார் லோங்மன். வியட்நாம் யுத்த காலத்திலிருந்து அவை அழுக்குக்கும் அலட்சியத்துக்கும் பேர்போனவை. 1994 முதல் 1999 வரை அவற்றுக்குத் தலைமை தாங்கிய கென்னத் கைசர் என்னும் வைத்தியர் அவற்றைத் திருத்தியமைத்தார். நாடெங்குமிருந்த வைத்தியசாலைகள் 22 வட்டாரங்களாக இணைக்கப்பட்டன. வெளிநோயாளர் சிகிச்சை முதன்மை பெற்றது. நோயாளர் குறிப்புக்கள் கணினியேறின. மேலிடத்தின் எதிர்ப்புக்கிடையே 1970களின் பிற்பகுதியிற் சில ஊழியர்கள் எழுதத் தொடங்கிய நிரல்களே இதற்கு அடிப்படை. கன்சாஸ் மாநிலத்து டொப்பீக்கா நகரிற் பணிபுரிந்த தாதி ஒருவர், வாடகை மோட்டார் வண்டியைத் திருப்பிக் கொடுக்குமிடத்தில் அதன் கோட்டுக்குறியைக் கருவியொன்று வாசிப்பதைக் கண்டார். வண்டிக்கு உதவுவது மருந்துக்கு உதவாதோ என எண்ணினார். நோயாளியின் கைப்பட்டியையும் மருந்துறையையும் ஒப்புநோக்கிய பின்னரே மருந்து கொடுக்கும் முறை அவ்வெண்ணத்தினின்றே தோன்றியது. இத்தகைய சிறு நிகழ்ச்சிகளைக் கொண்டு பெரிய உண்மைகளை விளக்குவது லோங்மனின் சிறப்பு.

எனினும் நூலின் உயிர்நிலை இக்கதைகளில் இல்லை. காரணங் காட்டும் பகுதியில் உளது. தனியார் காப்புறுதியில் உள்ள நோயாளி இன்று ஒரு கம்பனியிலும் நாளை வேறொன்றிலும் இருப்பான். நீரிழிவுக்காரனின் காலையும் கண்ணையும் இன்று கவனிப்பதன் பயன் பத்தாண்டின் பின்னரே விளையும். விளையும்போது அது மற்றொரு கம்பனிக்குரியது. ஆகவே நோய் தடுப்பதில் எவருக்கும் இலாபமில்லை. படைவீரனோ பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு. அவனை நலமாக வைத்திருத்தல் நிறுவனத்துக்கும் நலம். அறமும் ஆதாயமும் ஒருங்கு சேரும் இடம் அதுவே என்பது லோங்மனின் துணிபு. 2003 இல் வெளியான ஆய்வொன்று இதற்கு அரண் செய்தது. 2000 ஆம் ஆண்டில் முதியோருக்கான அரச காப்புறுதித் திட்டத்தோடு ஒப்பிட்டபோது, 13 அளவைகளுள் 12 இல் படைவீரர் வைத்தியசாலைகளே மேம்பட்டு நின்றன.

இனி, குறையை ஆராய்தல் தகும். உள்ளே வந்த நோயாளி எவ்வாறு பேணப்படுகிறான் என்பதை நுணுகிக் கண்ட லோங்மன், வாயிலிற் காத்து நிற்பவனை அத்துணை நோக்கிலர். 2014 இல் பீனிக்ஸ் நகரில் அவ்வாயில் அம்பலமாயிற்று. அங்கு முதற் சந்திப்புக்குச் சராசரி 24 நாட்களே ஆவதாக வைத்தியசாலை அறிவித்திருந்தது. விசாரணையாளர் தெரிந்தெடுத்துப் பார்த்த 226 பேரோ சராசரி 115 நாட்கள் காத்திருந்தனர். 1,700 பேரின் பெயர்கள் காத்திருப்போர் பட்டியலிலேயே இருக்கவில்லை. திணைக்களத்தின் செயலாளர் பதவி துறந்தார். லோங்மன் போற்றிய அளவீடே இங்குப் பொய்க்குக் கருவியாயிற்று. குறித்த நாட்களுக்குட் சந்திப்பு என்பது இலக்காகி, அவ்விலக்கோடு அதிகாரிகளின் வெகுமதி பிணைக்கப்பட்டபோது, நோயைத் திருத்துவதினும் எண்ணைத் திருத்துதல் எளிதாயிற்று. நல்லொழுங்கு நல்ல செய்தியையே தரும் என்னும் நம்பிக்கை, நூலாசிரியரின் கண்ணை இவ்விடத்தில் மறைத்துவிட்டது.

ஆயினும் இக்குறை நூலின் அடிப்படையைத் தகர்ப்பதன்று. பீனிக்ஸில் தவறியது சிகிச்சையின் தரம் என்பதினும் சிகிச்சையை அடையும் வழி என்பதே பொருந்தும். 2014 ஆம், 2018 ஆம் ஆண்டுச் சட்டங்கள் படைவீரர் பலரைத் தனியார் வைத்தியரிடம் செல்ல அனுமதித்தன. இத்துறையை ஆராய அமைக்கப்பட்ட ஆணைக்குழுவில் லோங்மனும் ஓர் உறுப்பினராயினார். அதன் அறிக்கை 2016 இல் வெளிவந்தது. நோயாளர் வெளியே சிதறினால் வாழ்நாட் பொறுப்பு என்னும் இழையும் அறும் என்பது அவருடைய நூலினின்றே பெறப்படும் எச்சரிக்கை.

நாட்டுக்காகப் போரிட்டவனைப் பேணும் முறையைக் கொண்டே நாட்டார் அனைவரையும் பேணும் வழியைக் காட்ட முயன்ற எழுத்து இது. ஒழுங்கு வேண்டும் என்பதை அது ஐயமற நிறுவியது. ஒழுங்கைக் காக்க அதன் எண்களை ஐயுறும் கண்ணும் வேண்டும் என்பதைப் பீனிக்ஸ் நிறுவியது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவனே லோங்மனை முழுமையாகப் படித்தவனாவான்.