யாரிடமிருந்து மறைத்தார்கள்? வாசகர் கூட்டங்களில் குடும்ப வரலாற்று நாவல்கள்

‘பொன்னியின் செல்வன்’ பேசப்படும் எந்த வாசகர் கூட்டத்துக்குப் போனாலும் கால் மணி நேரத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த நாவல் அது. கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசனான கரிகாலன் விழுந்த இரவில் கத்தி யார் கையில் இருந்தது என்பதைக் கல்கி மங்கலாகவே விட்டுவிட்டார். நந்தினியின் பிறப்பு, ஊமை ராணியின் வாழ்க்கை, மதுராந்தகனும் சேந்தன் அமுதனும் இடம் மாறி வளர்ந்த கதை என்று நாவலின் முடிச்சுகள் எல்லாமே ஒரு குடும்பத்துக்குள் போடப்பட்டவை. 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படம் இரண்டு பாகங்களாக வந்தபிறகு இந்த விவாதத்துக்குள் புதிய தலைமுறை ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அது நல்ல விஷயம். ஆனால் கேள்வி மட்டும் இடம் பெயரவே இல்லை.

கூட்டத்தில் வரலாறு தெரிந்த ஒருவர் எழுந்து காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டைச் சொல்வார். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. உடனே வரலாற்றாசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரி ஒரு பக்கம், சதாசிவப் பண்டாரத்தார் ஒரு பக்கம். அடுத்து அரியணை ஏறிய உத்தம சோழனுக்குச் சதியில் பங்குண்டா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. அரங்கமும் அதற்கேற்ப இரண்டாகப் பிரிந்து, நேரம் முடிந்துவிடும்.

அந்தக் கல்வெட்டில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அது கொலையாளிகளோடு நிற்கவில்லை. அவர்களுடைய உடன்பிறந்தவர்கள், மக்கள், பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள் என்று உறவுமுறைகளை அடுக்கிக்கொண்டே போய், அத்தனை பேரின் உடைமையையும் பறிமுதல் செய்யச் சொல்கிறது. கொலை நடந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆனபின் வந்த ஆணை. அந்தச் சுற்றத்தாரில் எத்தனை பேருக்குச் சதி தெரிந்திருக்கும்? தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவர்கள் யார்? ஒன்றும் அறியாமல் மனையும் நிலமும் இழந்த மருமகள் யார்? குடும்பமும் ரகசியமும் வரலாறும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் இதுதான். இதை ஒட்டி ஒரு கூட்டம் முழுவதும் பேசலாம்; பேசியிருக்க வேண்டும்.

தமிழில் குடும்ப ரகசியத்தை மையமாகக் கொண்ட வரலாற்று நாவல்களை இரண்டு வகையாகப் பார்க்கிறேன். முதல் வகையில் ரகசியம் வாசகரிடமிருந்து மறைக்கப்படுகிறது. கடைசியில் அவிழ்கிறது, அல்லது அவிழாமல் ஏங்க வைக்கிறது. இரண்டாவது வகையில் வாசகருக்கு எல்லாம் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். நம் வாசகர் கூட்டங்கள் முதல் வகையைக் கொண்டாடத் தெரிந்தவை. நம் மொழியின் பெரிய சாதனைகளோ இரண்டாவது வகையில் இருக்கின்றன.

நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968-இல் வெளிவந்தது. இரணியல் செட்டிமார் சமூகத்தின் கதை. திரவி என்ற பையனின் கண் வழியே சடங்கு, சீர், வழக்கு, பழமொழி என்று ஒரு தெருவின் முழு வாழ்க்கையும் பதிவாகிறது. பாட்டி சொல்லும் பழங்கதைகள் வழியாகச் சமூகத்தின் இடப்பெயர்ச்சி வரலாறும் உள்ளே வந்துவிடுகிறது. இந்த விரிவுக்கு நடுவே, திரவியின் அக்காளைக் கணவன் பிறந்தவீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். அவள் பெண்ணே அல்ல என்பது அவன் சுமத்தும் பழி. வெளியில் சொல்லி நியாயம் கேட்டால் குடும்ப மானம் போகும்; சொல்லாமல் இருந்தால் அவள் வாழ்க்கை போகும். பெரியவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தம்பி மட்டும் அதை ஏற்க மறுக்கிறான்.

இந்த நாவலைப் பேசிய கூட்டங்களில் பெரும்பாலும் வட்டார வழக்கைப் பற்றித்தான் பேச்சு. அது நியாயமான பாராட்டு. அந்த உரையாடல்களைக் கேட்ட காது வேறு யாருக்கு வாய்த்தது? ஆனால் நாகர்கோவில் பக்கம் நடந்த ஒரு சிறிய கூட்டம் எனக்கு மறக்கவில்லை. மூன்று பேர் மொழிநடையைப் பற்றியும் ஒருவர் இனவரைவியல் பற்றியும் பேசி முடித்திருந்தார்கள். பின்வரிசையில் அதுவரை பேசாமல் இருந்த எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் கேட்டார்: “இத்தனை பேரு கூடிக்கூடிப் பேசுகாவ. அந்தப் பிள்ளைகிட்ட ஒருத்தராவது என்ன நடந்துன்னு கேட்டாவளா?” கொஞ்ச நேரம் யாருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு புத்தகத்தைத் திரும்பப் புரட்டத் தொடங்கினார்கள், யார் யாரிடம் பேசுகிறார்கள், அவள் எங்கே வாய் திறக்கிறாள் என்று. அன்றைக்குத்தான் அந்த நாவல் உண்மையில் விவாதிக்கப்பட்டது என்பேன்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) இந்த வகையின் இன்னொரு சிகரம். விடுதலைக்கு முந்தைய திருச்செங்கோட்டு வட்டாரம். குழந்தையில்லாத காளி, பொன்னா. பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முன்பின் அறியாத ஆணோடு கூடலாம் என்று நாவல் சொல்லும் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவுக்கு அவளை அனுப்பலாம் என்பது மாமியாருக்குத் தெரியும், தாய் வீட்டாருக்குத் தெரியும். காளி அதற்கு உடன்படாதவன். ஆனால் அவன் சம்மதித்துவிட்டான் என்று பொன்னாவிடம் பொய் சொல்லி அழைத்துப் போகிறார்கள். அவனை மைத்துனன் குடிக்கக் கூட்டிப்போகிறான். இங்கே வஞ்சிக்கப்பட்டவர்கள் கணவன், மனைவி இருவருமே. வஞ்சித்தவர்களோ அவர்கள் மீது உயிரை வைத்திருக்கும் சொந்தங்கள். அன்பும் துரோகமும் ஒரே கையால் செய்யப்படும் இந்த இடத்தைத் தமிழில் இவ்வளவு நுட்பமாக எழுதியவர்கள் குறைவு.

2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பு, 2015 ஜனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தது, 2016 ஜூலையில் அவருக்குச் சாதகமாக வந்த சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் நாமறிந்தவை. அந்த நாட்களில் ஊரெங்கும் விவாதிக்கப்பட்டது ஒரே கேள்விதான்: அப்படி ஒரு வழக்கம் இருந்ததா? நாவலை ஆதரித்தவர்களும் அதே கேள்விக்குள் நின்றுதான் பதில் சொன்னார்கள். சான்று காட்டுவதும் சான்று இல்லை என்று மறுப்பதுமாக, பொன்னாவிடம் சொல்லப்பட்ட பொய்யைப் பற்றிப் பேச இடமே இல்லாமல் போயிற்று. இப்போது அந்தச் சூடு ஆறிவிட்டது. ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்ற தொடர்ச்சிகள் இரண்டையும் சேர்த்து வாசிக்க இது தக்க நேரம். ஒன்றில் காளி இறந்துபோயிருக்கிறான், மற்றதில் உயிரோடு இருக்கிறான். ரகசியம் உடைந்தபிறகு ஒரு குடும்பம் எப்படி எழுந்து நடக்கிறது என்பதை இரு வழிகளில் சோதித்துப் பார்க்கும் முயற்சி இது. கூட்ட விவாதத்துக்கு இதைவிட வளமான பொருள் கிடைக்காது.

எல்லாக் குடும்பங்களும் மறைப்பதில்லை என்பதற்கும் நம்மிடம் நாவல் உண்டு. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) ஒரு குலம் தன் ஓட்டத்தின் கதையைத் தானே வாய்விட்டுச் சொல்வது. சென்னாதேவியின் அழகு கொண்டுவந்த ஆபத்து, ஆந்திரத்திலிருந்து தெற்கே நடந்த நடை எல்லாம் மங்கத்தாயாரு அம்மாளின் நினைவில் இருக்கின்றன. அவளுக்கு 137 வயது. அங்கே குடும்பக் கதை ஊர்ச் சொத்து.

சாகித்ய அகாதெமி விருது பெற்ற பெரும் நாவல்களான ‘காவல் கோட்டம்’, ‘கொற்கை’, ‘அஞ்ஞாடி’ மூன்றையும் கூட்டங்கள் ஒதுக்கிவிடுவதற்குக் காரணம் பக்க எண்ணிக்கை. ஒரு மாதத்தில் ஆயிரம் பக்கம் படித்து வரச் சொன்னால் பாதிப் பேர் முன்னுரையோடு வருவார்கள். மூன்று நான்கு கூட்டங்களாகப் பிரித்து வைத்தவர்கள் வெற்றி கண்டிருக்கிறார்கள். ‘அஞ்ஞாடி’யை அப்படிப் படித்தால்தான் 1899 சிவகாசிக் கலவரம் வீட்டு வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது புரியும்.

தோப்பில் முகமது மீரானின் ‘சாய்வு நாற்காலி’யை (இதுவும் 1997-இல் அகாதெமி விருது பெற்றது) தனியே சொல்ல வேண்டும். முன்னோரின் வீரப் பெருமையைப் பேசிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்திருக்கும் முஸ்தபாக்கண்ணு, வீட்டின் பொருட்களை ஒவ்வொன்றாக விற்றுத் தீர்க்கிறார். வீழ்ச்சியடையும் தறவாட்டின் (பரம்பரை வீட்டின்) கதை என்று இதைச் சுருக்கிவிடுகிறோம். அந்தப் பெருமையின் அடியில் அந்த வீட்டுப் பெண்கள் பட்டதை நாவல் அடக்கமான குரலில் சொல்கிறது. பெருமை எதை மறைக்கச் சொல்லப்படுகிறது என்று கேட்டால் வேறொரு நாவல் எழுந்து வரும்.

எது மறைக்கப்படுகிறது என்ற இந்தக் கேள்வி ஆவணம் இருக்கும் இடத்திலும் உதவும். பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலிருந்து பிறந்தவை. 1736-இல் தொடங்கிக் கால் நூற்றாண்டு காலம் புதுச்சேரியின் நடப்பை எழுதிவைத்தவர் பிள்ளை. அரசியல் பேரமும் துணி வியாபாரமும் அதில் நிறைய. ஆனால் அது பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவரின் வாசலில் இருந்து எழுதப்பட்டது. அடுக்களையில் நடந்ததற்குப் பிரபஞ்சன் கற்பனையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. குறிப்பையும் நாவலையும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கும் கூட்டம் ஒன்று நடந்தால் நான் முதல் ஆளாகப் போவேன்.

கூட்டம் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாவலாசிரியரின் வாழ்க்கைக் குறிப்பையும் கதைச் சுருக்கத்தையும் அறிமுக உரையில் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். உண்மையில் நடந்ததா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் இதைக் கேளுங்கள்: இந்த வீட்டில் யாருக்கு எது தெரியும், யாரிடமிருந்து மறைத்தார்கள், மறைத்ததால் நிலமோ மானமோ யாருக்கு மிஞ்சியது? வயதான பெண்களை முன்வரிசைக்கு அழையுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்தாமல் காத்திருங்கள். எந்த நூலில் தொடங்குவது என்று கேட்டால், ‘தலைமுறைகள்’ என்பதே என் பதில்.