யாழ்ப்பாணத்துக் கல்வெட்டை ரசிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் மறைந்தால் 31ஆம் நாளில் அந்தியேட்டிக் கிரியை நடக்கும். அன்று மதியச் சாப்பாட்டுக்கு வரும் உறவினர்கள் பெரும்பாலும் ஒரு சிறு நூலோடு வீடு திரும்புவார்கள். அட்டையில் நினைவு மலர் என்று அச்சாகியிருக்கும். ஊர்ப் பேச்சில் அது கல்வெட்டு. குடும்பத்தையும் கோயிலையும் சுற்றியே வாழ்ந்து முடித்த ஒருவரைப் பற்றி அச்சில் வரும் ஒரே நூலும் பல வேளைகளில் இதுதான்.

இறந்தவரின் படத்தை அடுத்துப் பஞ்சபுராணம் வரும்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம். சிவபுராணமும் சேர்ந்திருக்கும். தெரிந்த பாடல்கள்தானே என்று தாண்டிவிடத் தோன்றும். ஆனால் இந்த நூலைப் பூசையறையில் தங்கவைப்பவை இப்பக்கங்களே. பாடல் பார்த்துப் படிக்க நூலை எடுக்கும்போதெல்லாம் இறந்தவரின் முகமும் கண்ணில் படும்.

நின்று படிக்க வேண்டியது திதி வெண்பா. ஆண்டுத் திவசத்தை ஆங்கிலத் தேதி பார்த்துச் செய்வதில்லை; மாதமும் திதியும் பார்த்தே செய்வார்கள். தமிழ் வருடம், மாதம், பூர்வபட்சமா (வளர்பிறை) அபரபட்சமா (தேய்பிறை), என்ன திதி, யார், எந்த ஊர், எந்தத் தெய்வத்தின் திருவடி சேர்ந்தார் என்பதையெல்லாம் நான்கு அடிக்குள் அடக்கி, பிள்ளைகள் மறக்காதபடி கட்டித் தருவது புலவரின் வேலை. திதியின் பெயரை மாற்ற முடியாது, ஊர்ப் பெயரையும் மாற்ற முடியாது, வெண்டளையும் தட்டக் கூடாது. ஈற்றடி மூன்று சீரில் முடிந்து, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு ஆகியவற்றுள் ஒன்றில் நிற்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் செய்தி பேச்சுப்போல இயல்பாக ஓடினால் எழுதியவர் தேர்ந்த கை. அசைச்சொற்கள் அடியை நிரப்பினால் அவசரத்தில் கட்டியது.

வாழ்க்கை வரலாற்றில் ஈகை, பொறுமை, இறைபக்தி எல்லாருக்கும் ஒரே அளவில்தான் கிடைக்கும். அவற்றை விட்டுவிட்டு வினைச்சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் தேட வேண்டும். கோயிற்பணியில் ஈடுபட்டவர் என்பதில் ஆள் தெரிவதில்லை. இன்ன திருவிழாவின் உபயகாரர், கந்தபுராண படனத்தில் பயன் சொன்னவர் என்றால் தெரிகிறார். படனத்தில் ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பொருள் விரிப்பார். பல ஆண்டு கேள்வியறிவு இல்லாமல் அந்த இடத்தில் உட்கார முடியாது.

குடும்பப் பாசத்தைக் கல்வெட்டு அந்தப் பெயரில் பேசுவது குறைவு. உத்தியோகம் கொழும்பில், மனைவி மக்கள் ஊரில் என்று ஒரு வரி இருக்கும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயிலில் விடுமுறைக்கு வந்து போன ஒரு தலைமுறைத் தந்தையரின் வாழ்க்கை அந்த வரிக்குள் இருக்கிறது. அதே ஆண்டில்தான் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டமும் வந்தது; அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் அதற்குப் பிந்திய ஆண்டுகளில் வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றார் என்று கண்டால் அந்தச் சட்டத்தையும் நினைத்துப் பார்க்கலாம். 1995 ஒக்டோபரில் போரினால் வலிகாமமே வீடுகளை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. கல்வெட்டில் அதற்கு ‘இடம்பெயர்ந்து’ என்ற ஒரு சொல்லே கிடைக்கும்.

மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் என்று வரும் பாடல்களில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. பலவற்றில் பெயரை மாற்றினால் இன்னொரு வீட்டுக்கும் பொருந்தும். வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் தட்டுத்தடுமாறி எழுதும் உரைநடை நினைவுகள் பெரும்பாலும் அவற்றைவிட மேல். இலக்கணம் பிசகினாலும், தாத்தா சைக்கிளை எப்படித் துடைப்பார் என்பதுபோல ஏதாவது ஒன்று அங்கேதான் அகப்படும்.

கல்வெட்டில் வரும் வம்சாவளி அட்டவணையைத் தனியாகப் பார்த்தால் வெறும் பெயர்கள்; மற்றக் கல்வெட்டுகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் ஆட்கள் தெரிவார்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்கள் ஏராளமாக இருக்கின்றன, இலவசமாகவே படிக்கலாம். ஒரே ஊரைச் சேர்ந்த நான்கைந்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. ஒன்றில் மருமகன் என்று ஒரு வரியில் வந்து போனவர், இன்னொன்றில் படத்தோடும் திதி வெண்பாவோடும் முதற்பக்கத்தில் இருப்பார்.