போட்டி வழியே வருகிறவர்கள்

"போட்டி வைக்காவிட்டால் யார் வருவார்கள்?" தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்களைச் சேர்க்கும் முறையைப் பற்றி யார் குறைசொன்னாலும் இந்தக் கேள்வியைப் போட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். கேட்பவர்கள் ஆண்டுக்கணக்கில் ஊதியமில்லாமல் உழைத்தவர்கள் என்பதால் மறுத்துப் பேசவும் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லியாக வேண்டும். போட்டியால் கட்டுரைகள் சேர்கின்றன, ஆட்கள் சேர்வதில்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்தே இத்தனை ஆண்டுகளை ஓட்டிவிட்டோம்.

வரலாறு பலருக்கும் தெரிந்ததுதான். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இ. மயூரநாதன் போன்ற சிலரின் தனி உழைப்பால் காலூன்றியது. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. 2017இல் பள்ளிக் கல்வித் துறையின் துணையோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. அதே ஆண்டில் கட்டுரை எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பிறகு கூகுளும் விக்கிமீடியா அறக்கட்டளையும் பின்னால் நின்ற வேங்கைத் திட்டம் என்ற, இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்கு இடையிலான கட்டுரைப் போட்டி. 2018இல் நடந்த முதல் சுற்றில் பஞ்சாபி முந்தியது, தமிழுக்கு இரண்டாமிடம். 2019-20இல் தமிழ் முதலிடத்துக்கு வந்தது. அந்த முதலிடம்தான் இன்று போட்டிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய சான்று.

போட்டிகளால் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. தமிழில் ஒரு வரிகூட இல்லாத பல தலைப்புகளுக்குப் பக்கம் கிடைத்தது. கணினி இல்லாமல் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருந்த சிலருக்கு மடிக்கணினி கிடைத்தது. திருச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்கள் ஒரே பட்டியலைப் பார்த்து வேலை செய்தார்கள். சோர்ந்து கிடந்த பழைய பங்களிப்பாளர்களுக்கு அது ஓர் உந்துதல். இவையெல்லாம் உண்மை. ஆனால் இந்த நன்மைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கே போனது. வேங்கைத் திட்டத்தின் மடிக்கணினியே தொடர்ந்து எழுதிவந்தவர்களுக்கு என்று வைக்கப்பட்டதுதான். அதில் தவறில்லை. உள்ளே இருப்பவர்களை ஊக்குவித்ததைப் புதியவர்களைச் சேர்த்ததாகக் கணக்கு எழுதுவதுதான் தவறு.

என் பழைய குறை ஒன்று உண்டு. புதிதாக வருகிறவரின் கையில் நாம் கொடுக்கும் முதல் வேலையே அங்கிருக்கும் வேலைகளில் கடினமானது. புதுக் கட்டுரை ஒன்றைத் தொடங்க என்னவெல்லாம் தெரிய வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தலைப்புக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமுண்டா என்று தெரிய வேண்டும். நம்பத்தக்க சான்று எது, விளம்பரம் எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். நாளிதழில் வந்ததை அப்படியே ஒட்டினால் பதிப்புரிமை மீறல். இணையத்தில் கிடைத்த படத்தை விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். தகவற்பெட்டி, பகுப்பு, பிறமொழி இணைப்பு என்று தொழில்நுட்பம் ஒரு பக்கம். பெயர்களை எந்த எழுத்தில் எழுதுவது, கிரந்தம் எவ்வளவு, இலங்கை வழக்கா தமிழக வழக்கா என்று ஓயாத வழக்குகள் இன்னொரு பக்கம். பழம்பெருச்சாளிகளே இவற்றில் பாதியை அடிபட்டுத்தான் கற்றார்கள். இதைக் கல்லூரிக் கணினி அறையில் ஒரு பிற்பகலில் சொல்லிக்கொடுத்து, மாலைக்குள் ஒரு கட்டுரை வேண்டும் என்கிறோம். நீச்சல் தெரியாதவரைக் கிணற்றின் நடுவில் இறக்கிவிட்டு, கரையில் நின்று எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எண்ணுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கணினி அறைகளின் நடைமுறையும் பார்க்க வேண்டியது. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குகளுக்கு மேல் தொடங்க விக்கிப்பீடியா பொதுவாக விடாது. முன்கூட்டியே விலக்குக் கேட்டு வாங்காவிட்டால் ஏழாவது மாணவர் பிழைச்செய்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பயிற்சி நடத்துபவர் தம் கைப்பேசி இணைப்பைக் கொடுத்துச் சமாளிப்பார். பாதி நேரம் கடவுச்சொல்லிலும் தட்டச்சு முறையிலும் போய்விடும். மீதி நேரத்தில் மாணவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆங்கிலக் கட்டுரை ஒன்றை எடுத்து, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, வந்ததைச் சற்றே தட்டிக்கொட்டிச் சேமிப்பது.

போட்டி விதிகளும் அந்த வழியிலேயே தள்ளுகின்றன. குறைந்தது 300 சொற்கள் என்று வேங்கைத் திட்டம் வரையறுத்தது; அதற்குமேல் பைட்டுக் கணக்கு வேறு. இந்தக் கணக்குகள் நடுவரின் வேலையை எளிதாக்குகின்றன என்பது சரிதான். ஆனால் புதியவர் அவற்றிலிருந்து கற்பது என்ன? 280 சொல்லில் முடிய வேண்டியதை 300க்கு இழுக்கக் கற்கிறார். பிறர் கட்டுரையிலுள்ள தவறான ஆண்டைத் திருத்தினால் புள்ளி இல்லை என்று கற்கிறார். பேச்சுப் பக்கத்தில் ஒருவரோடு ஒரு மணிநேரம் வாதாடி ஒரு வரியைச் சீராக்கினாலும் கணக்கில் ஏறாது என்று கற்கிறார். விக்கிப்பீடியாவை விக்கிப்பீடியாவாக வைத்திருப்பவை இந்த வேலைகள்தாம். அவற்றுக்கு மதிப்பில்லை என்பதையே முதல் பாடமாக நடத்துகிறோம்.

இதைவிடப் பெரிய கேடு, கட்டுரையைச் சேமித்த பிறகு நடக்கிறது. புதியவரின் பேச்சுப் பக்கத்துக்கு முதலில் வருவது வரவேற்பு வார்ப்புரு. அது எல்லாருக்கும் ஒன்றே. அடுத்து வருவது, வந்தால், நீக்கல் அறிவிப்பு. அதுவும் வார்ப்புருவே. இரண்டுக்கும் இடையில், "உங்கள் இரண்டாம் பத்தி நன்றாக இருக்கிறது, அந்த மேற்கோளுக்கு மட்டும் பக்க எண் கொடுங்கள்" என்று ஒரு மனிதர் எழுதியிருக்கிறாரா? பெரும்பாலும் இல்லை. போட்டிக் கருவியில் நடுவர் ஏற்றாரா இல்லையா என்று ஒரு குறி மட்டும் விழும். அதுவும் போட்டி முடியும் தறுவாயில், குவிந்துவிட்ட நூற்றுக்கணக்கான கட்டுரைகளுக்கு நடுவில். நாள்தோறும் இயங்கும் நிர்வாகிகளைக் கைவிட்டு எண்ணிவிடலாம் என்ற நிலையில் வேறெப்படி நடக்கும் என்று கேட்கலாம். படிப்பதற்கு ஆளில்லாதபோது எழுதுவதற்கு நூறு பேரை ஏன் அழைக்கிறோம் என்பது என் பதில்.

இது வெறும் மனத்தாங்கல் அன்று. ஆங்கில விக்கிப்பீடியாவின் செயல்படும் பங்களிப்பாளர் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பின் சரிந்தது. அந்தச் சரிவை ஆராய்ந்து ஆரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரை ஒரு முக்கியமான காரணத்தைச் சுட்டியது. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் முதல் திருத்தங்கள் நிராகரிக்கப்படுவது கூடியது. அந்த வேலையை அரைத்தானியங்கிக் கருவிகள் வேகப்படுத்தின. அப்படி நிராகரிக்கப்பட்டவர்கள் திரும்பி வருவது குறைந்தது. ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு ஓரளவு விடை தேடியது. 2012இல் புதியவர்கள் தயங்காமல் கேள்வி கேட்க 'தேநீர்க் கடை' என்ற இடத்தைத் திறந்தார்கள். பழையவர்கள் அங்கே பொறுமையாகப் பதில் எழுதினார்கள். அங்கு வரும்படி அழைக்கப்பட்டவர்கள், அழைக்கப்படாதவர்களைவிட அதிகமாக நிலைத்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வும் காட்டியது. பரிசு இல்லை, மடிக்கணினி இல்லை. கேட்டால் பதில் வரும் என்ற உறுதி மட்டும் இருந்தது.

நம்மிடமும் பொது உரையாடலுக்கு ஆலமரத்தடி என்ற பக்கம் இருக்கிறது, உதவிப் பக்கம் இருக்கிறது. விக்கிமீடியாவின் வளர்ச்சிக் குழு உருவாக்கிய புதியவர் முகப்பும் வந்துவிட்டது. கணக்குத் தொடங்கியவருக்கு ஒரு வழிகாட்டியின் பெயரைக் காட்டி, இணைப்புச் சேர்த்தல், எழுத்துப்பிழை திருத்தல் போன்ற சிறு வேலைகளை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. கருவிகளுக்குக் குறைவில்லை. வழிகாட்டிப் பட்டியலில் பெயர் கொடுப்பது எளிது. வாரம் ஐந்து பேருக்குப் பதில் எழுதுவதுதான் வேலை. அந்த வேலைக்கு நாம் இதுவரை ஒரு பரிசும் அறிவித்ததில்லை.

2010இல் நமக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது என்பதுதான் ஆற்றாமை தருகிறது. அப்போது கூகுள் கூலி கொடுத்து மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி இந்திய மொழி விக்கிப்பீடியாக்களில் கட்டுரைகளைக் குவித்துக்கொண்டிருந்தது. எண்ணிக்கை ஏறியது. ஆனால் நடை கரடுமுரடு. தலைப்புகளோ தமிழ் வாசகருக்கு அவ்வளவாகத் தேவைப்படாதவை. பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் வராது. தமிழ் விக்கிப்பீடியர்கள் சும்மா இருக்கவில்லை. போலந்தின் கதான்ஸ்க் நகரில் அந்த ஆண்டு நடந்த விக்கிமேனியா மாநாட்டிலேயே அந்தத் திட்டத்தை அலசி ஆய்வுரை படித்தார்கள். சமூகத்தோடு உறவில்லாதவர்கள் கொட்டிச் செல்லும் கட்டுரை சுமையே என்று உலக அரங்கில் சொன்ன துணிவு அது. எட்டு ஆண்டு கழித்து அதே கூகுளின் துணையோடு, அது தந்த தலைப்புப் பட்டியலும் சேர்ந்து, பரிசுக்காக மொழிபெயர்ப்புகள் குவிந்தபோது அந்தக் குரலை எங்கும் கேட்க முடியவில்லை. அன்று கூலிக்கு எழுதியவர்கள் வெளியாட்கள், இன்று பரிசுக்கு எழுதுகிறவர்கள் நம்மவர்கள் என்பார்கள். போட்டி முடிந்த மறுமாதம் காணாமல் போகிறவரை நம்மவர் என்று எப்படிச் சொல்வது?

வேறு வழியே இல்லையா என்று கேட்பவர்கள் வெகுதூரம் போக வேண்டாம், பக்கத்திலிருக்கும், பழைய நூல்களை எழுத்து வடிவில் சேர்த்துவைக்கும் தமிழ் விக்கிமூலத்தைப் பார்க்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய நாட்டுடைமை நூல்கள் 2,000க்கும் மேற்பட்டவை அங்கே ஏற்றப்பட்டன. ஒரு பக்கத்தில் நூலின் படம், மறுபக்கத்தில் எழுத்துணரி தந்த பிழை மலிந்த வரிகள். புதியவர் இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தினால் போதும். தலைப்புத் தகுதி பற்றிய சண்டை இல்லை, சான்று தேட வேண்டியதில்லை, சரியா தவறா என்பது கண்முன்னே இருக்கிறது. திருத்தி முடித்தால் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளாகும். மஞ்சளைப் பச்சையாக்க அவரால் முடியாது. இன்னொருவர் வந்து படித்துச் சரிபார்த்தால்தான் பச்சை. அங்கும் போட்டிகள் வராமல் இல்லை. 2020இல் இந்திய மொழிகளுக்கான மெய்ப்புத் தொடர் நடந்தது. புள்ளிக்காக அவசரப்பட்டவர்கள் அங்கும் இருந்திருப்பார்கள். ஆனால் அரைகுறை மெய்ப்பு மஞ்சளாகவே எல்லார் கண்ணிலும் படும். விக்கிப்பீடியாவின் போட்டிக் கட்டுரைக்கு அப்படி நிறம் எதுவும் இல்லை. முதல் நாளிலிருந்தே அது முழுக் கட்டுரையின் தோற்றத்தோடு நிற்கிறது, கூகுள் தேடலிலும் முன்னால் வருகிறது.

பேரிடர்க் காலத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்துக்குத் தன்னார்வலர்களைத் திரட்டுகிறவர்களும் இதே முறையைத்தான் கையாள்கிறார்கள். நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்துத் தருகிறார்கள். புதியவர் ஒரு கட்டத்தை எடுத்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வீடுகளையும் சாலைகளையும் வரைகிறார். அனுபவமுள்ள ஒருவர் அந்தக் கட்டத்தைச் சரிபார்க்கிறார், தவறிருந்தால் குறிப்போடு திருப்பி அனுப்புகிறார். விக்கிமூலத்துக்கும் இதற்கும் தொழில்நுட்பத்தில் ஒற்றுமை கிடையாது. ஆனால் இரண்டிலும் வேலை சிறிது. செய்த வேலையை இன்னொருவர் படித்தே தீர வேண்டும் என்பது ஏற்பாட்டிலேயே இருக்கிறது. கலைக்களஞ்சியம் எழுதுவது மெய்ப்புப் பார்ப்பதைப்போல் இயந்திரத்தனமானது அல்ல என்ற மறுப்பு எனக்குத் தெரியும். அதனால்தான் அங்கே இரண்டாவது ஆள் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறார்.

ஒரு லட்சத்தைத் தாண்டிய கட்டுரைகளில் சான்று இல்லாதவை எத்தனையோ. மாவட்ட ஆட்சியர் மாறியும் பெயர் மாறாத பக்கங்கள் உண்டு. பிரிக்கப்பட்ட வட்டத்தை இன்னும் பழைய மாவட்டத்தில் வைத்திருக்கும் ஊர்க் கட்டுரைகள் உண்டு. ஒருவர் தன் ஊர்ப் பக்கத்தைத் திருத்த அரை மணிநேரம் போதும். திருத்தியதன் பலனை அவரே மறுநாள் பார்ப்பார். புதியவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல முதல் வேலை இல்லை. ஆனால் அறிக்கையில் எழுத இதில் ஒன்றும் இல்லை. '50 ஊர்ப் பக்கங்கள் திருத்தப்பட்டன' என்றால் நிதி தருகிறவர் அசைய மாட்டார். '500 புதுக் கட்டுரைகள்' என்றால் கைதட்டுவார். நம் ஆட்சேர்ப்பு முறையைப் புதியவரின் தேவை தீர்மானிக்கவில்லை, அறிக்கையின் தேவை தீர்மானித்திருக்கிறது.

அடுத்த போட்டியை அறிவிக்கப் போகிறவர்களிடம் மூன்றே வேண்டுகோள். பிறர் கட்டுரையைச் சீராக்குவதற்குப் புதுக் கட்டுரைக்கு நிகரான புள்ளி கொடுங்கள். எத்தனை புதியவர்களின் பேச்சுப் பக்கத்தில் தம் கைப்பட எழுத நடுவர்களுக்கு நேரமிருக்கிறதோ அத்தனை பேரை மட்டும் சேருங்கள். போட்டி முடிந்த மூன்றாம் மாதத்தில் அவர்களில் எத்தனை பேர் ஒரு திருத்தமாவது செய்தார்கள் என்ற எண்ணை அறிக்கையின் முதல் வரியில் போடுங்கள். அந்த எண்ணை வெளியிடத் தயங்கும் போட்டிக்கு ஆட்சேர்ப்பு என்ற பெயரில் நிதி கேட்க உரிமை இல்லை.